ஹெச்டிக்குக் காசு கட்டுவதற்கு முன் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் கோலாலம்பூர் செந்தூலில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். 43 அங்குல டிவி, வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, சுவரில் மாட்டிக் கீழே அத்தை குத்துவிளக்கெல்லாம் வைத்திருந்தார், பார்க்க அழகாகத்தான் இருந்தது. படம்தான் சரியில்லை. பாட்டுப் போட்டியில் பாடுகிற பிள்ளையின் மூக்கும் கன்னமும் ஒன்றோடொன்று கரைந்து கிடந்தன, பட்டுப்புடவையில் ஜரிகை எங்கே முடிகிறது துணி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. "என்னாடா இது, ஹெச்டினு மாசா மாசம் காசு கட்டுறேன், பழைய டிவியே தேவலாம் போலிருக்கு" என்றார் மாமா.

டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள ஒயர். டிவியை மாட்டிக் கொடுத்த கடைப் பையன் பழைய டிவியில் இருந்ததைப் பிடுங்கி அப்படியே புதியதில் செருகிவிட்டுப் போயிருக்கிறான். சேனலை வாங்கி டிவிக்குத் தரும் பெட்டியான டீகோடர் வந்த அட்டைப்பெட்டி அலமாரி மேலேயே இருந்தது, திறந்தால் உள்ளே ஹெச்டிஎம்ஐ ஒயர் கட்டுக்கூட அவிழ்க்காமல் சுருண்டிருக்கிறது. மஞ்சள் ஒயரில் ஹெச்டி, அதாவது கூடுதல் தெளிவான படம், போகவே போகாது. ஆக 14 மாதம் ஹெச்டிக்குக் கட்டிய காசுக்கு மாமா பார்த்தது எல்லாம் எஸ்டி என்ற பழைய, தெளிவு குறைந்த படம்.

இதைப் படிக்கிறவர்களில் சில பேர் வீட்டிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன். ஹெச்டி என்பது டிவியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இல்லை. சேனல்காரர் ஹெச்டியில் எடுத்திருக்க வேண்டும், ஹெச்டியில் அனுப்ப வேண்டும், உங்கள் டீகோடர் அதை ஹெச்டியாகவே வெளியே தள்ள வேண்டும், ஒயர் அதைத் தாங்க வேண்டும், டிவி அதை வாங்கிக்கொள்ள வேண்டும், கடைசியில் நீங்கள் உட்காரும் தூரத்தில் உங்கள் கண்ணுக்கு அந்த வித்தியாசம் எட்ட வேண்டும். இதில் ஒன்று சொதப்பினாலும் எஸ்டிதான். ஆகவே புது பேக்கேஜ் கேட்டு போன் போடுவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே ஒரு ரவுண்டு பார்த்துவிடுவது நல்லது.

முதலில் கணக்கு, சுருக்கமாக. மலேசியாவில் நாம் பழைய நாளிலிருந்து பார்த்துவந்தது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை. அதன் டிஜிட்டல் வடிவமான எஸ்டியில் மேலிருந்து கீழாக 576 வரிகள், வரிக்கு 720 புள்ளிகள், மொத்தம் 4 லட்சத்துச் சொச்சம். ஹெச்டியில் இரண்டு அளவு உண்டு. சின்னது 1280க்கு 720, ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. பெரியது 1920க்கு 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள், எஸ்டியைப் போல் மிகச் சரியாக ஐந்து மடங்கு. 4கே அதற்கும் நான்கு மடங்கு. எண்ணுக்குப் பக்கத்தில் வரும் ஐ, பி என்ற எழுத்துக்கும் அர்த்தம் இருக்கிறது. 1080ஐ என்றால் ஒற்றை வரிகளை ஒரு தடவை, இரட்டை வரிகளை அடுத்த தடவை என்று பாதி பாதியாக அனுப்புவது, 1080பி என்றால் முழுப் படத்தையும் ஒரே மூச்சில். சேனல்கள் பெரும்பாலும் ஐ வகையில் வரும், டிவி அதைச் சேர்த்துத் தைத்துக் காட்டும். மலிவான டிவி அந்தத் தையலை மோசமாகப் போட்டால் பந்து வேகமாகப் போகும்போது ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். பந்தாட்டம் பார்க்கிறவர்களுக்கு இது புரியும், சீரியல் பார்க்கிறவர்கள் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

சரி, இப்போது டேப். தையல் டேப்போ கட்டட வேலைக்காரர் டேப்போ, எதுவானாலும். நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்து டிவி வரை எத்தனை அடி என்று அளந்துகொள்ளுங்கள். ஓரளவு நல்ல பார்வை உள்ள மனிதக் கண்ணுக்கு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க முடியும் என்று வைத்துத்தான் கண் மருத்துவர் சுவரில் மாட்டும் எழுத்து அட்டையே அச்சாகிறது. அதே கணக்கை டிவிக்குப் போட்டால் இப்படி வருகிறது. 32 அங்குல டிவியில் எட்டடி தள்ளி உட்கார்ந்தால் எஸ்டியின் வரிகளே கண்ணுக்குப் பிரிந்து தெரியாது, ஹெச்டியின் முழு விவரமும் வேண்டுமானால் நாலடி சொச்சத்துக்கு நெருங்க வேண்டும். 43 அங்குலத்துக்கு அந்த எல்லைகள் பத்தரை அடியும் ஐந்தரை அடியும். 55 அங்குலத்துக்குப் பதின்மூன்றரை அடியும் ஏழடியும்.

புரிகிறதா? நம் பிபிஆர் மலிவு விலை அடுக்குமாடி வீடு 700 சதுர அடி, அதில் ஹால் என்று ஒதுங்குவது சோபா, சாமி மேடை, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் போக எட்டு ஒன்பது அடி. அங்கே 55 அங்குல டிவியில் எஸ்டி ஓடினால் கண் வலிக்கும், ஹெச்டி கண்டிப்பாக வேண்டும். அதே ஹாலில் 32 அங்குலம்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் நல்ல எஸ்டிக்கும் ஹெச்டிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக்கூட நீங்கள் பார்க்கப் போவதில்லை, அதற்காக மாதாமாதம் கூடுதல் காசு தேவையா என்று யோசிக்கலாம். 4கே பேச்சு வரும்போதும் இதே டேப்தான். 55 அங்குலத்தில் முழு ஹெச்டியைத் தாண்டி 4கேயில் கூடுதலாக வரும் புள்ளிகள் ஏழடிக்கு உள்ளே வரும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கும், முழுக்கத் தெரிய மூன்றரை அடியில் உட்கார வேண்டும். யார் உட்காருவார்கள்? வண்ணமும் வெளிச்சமும் 4கே டிவிகளில் நன்றாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது புள்ளிக் கணக்கு இல்லை, வேறு விஷயம்.

"நல்ல எஸ்டி" என்று சொன்னேன், அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். காகிதத்தில் 576 வரி இருந்தாலும் சேனலை அனுப்புகிறவர் அதை எவ்வளவு நசுக்குகிறார் என்பது அவர் கையில். ஒரே பாதையில் அதிக சேனல்களைத் திணிக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் சுருங்கும், சுருங்கினால் கறுப்புப் பின்னணியில் கட்டம் கட்டமாகத் தெரியும், எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல் புள்ளிகள் துடிக்கும், சாயங்கால வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகப் பிரியும். ரொம்ப நசுக்கிய ஹெச்டியைவிட ஒழுங்காக அனுப்பிய எஸ்டி பார்க்க நன்றாக இருக்கும், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் பெயரில் ஹெச்டி இருப்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம்.

வித்தியாசம் பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று இருக்கிறது, தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பயன்படும் சோதனை. செய்தி நேரத்தில் கீழே ஓடும் எழுத்தைப் பாருங்கள். மெய்யெழுத்தின் மேலே உள்ள புள்ளி தனியாக நிற்கிறதா, எழுத்தோடு ஒட்டி ஒரு கறையாக இருக்கிறதா? ண என்ற எழுத்தில் எத்தனை சுழி என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே எண்ண முடிகிறதா, ன என்று நினைக்கத் தோன்றுகிறதா? புள்ளி தனியாக, சுழி சுழியாகத் தெரிந்தால் உங்களுக்கு வருவது நல்ல படம். தெரியாவிட்டால் மூன்றடி முன்னால் போய்ப் பாருங்கள். கிட்டே போனதும் தெளிந்தால் தூரம்தான் பிரச்சினை, கிட்டே போயும் கறையாகவே இருந்தால் படமே எஸ்டி, அல்லது நசுங்கிய ஹெச்டி. தமிழ்ப் படங்களுக்குக் கீழே வரும் மலாய் எழுத்தில் இந்தச் சோதனை அவ்வளவு பலிக்காது, அந்த எழுத்துகள் பெரிதாகவும் எளிதாகவும் இருப்பதால் எஸ்டியிலும் படிக்க முடிந்துவிடும்.

பழைய படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1960களில் வந்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஹெச்டி எதற்கு என்று பெரியவர்கள் கேட்பார்கள். உண்மையில் அந்தப் படங்கள் 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தவை, அந்தச் சுருளில் இருக்கும் விவரம் எஸ்டியைத் தாண்டியது. சுருளைப் புதிதாக ஸ்கேன் செய்து போட்டால் நடிகர் முகத்துப் பவுடர்கூடத் தெரியும். ஆனால் சேனல்கள் பல தடவை கையில் வைத்திருப்பது எப்போதோ வீடியோ டேப்பில் ஏற்றிய பிரதி. அதை ஹெச்டி சேனலில் போட்டாலும் எஸ்டியைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான், புது விவரம் எங்கிருந்தும் வந்து குதிக்காது. 1990களில் 2000த்தில் வீடியோவிலேயே எடுத்த சீரியல்களுக்கு அந்த வழியும் இல்லை, அவை பிறந்ததே எஸ்டியில். ஆகவே உங்கள் வீட்டில் ஓடுவது முக்கால்வாசி பழைய சீரியல் மறு ஒளிபரப்பு என்றால் ஹெச்டிக்கு அவசரமே இல்லை.

இனி டிவிக்குப் பின்னால் போவோம். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், தூசி தட்டத் துணியும். டீகோடரிலிருந்து டிவிக்குப் போகும் ஒயர் தட்டையான, அகன்ற வாய் உள்ள ஹெச்டிஎம்ஐயா என்று பாருங்கள். மஞ்சள் முனை இருந்தால் அங்கேயே கதை முடிந்தது, மாற்றுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று முனை இருந்தால் அது வேறு ஜாதி, அதில் ஹெச்டி போகும், இருந்தாலும் ஹெச்டிஎம்ஐ இருக்கும்போது அது எதற்கு? ஹெச்டிஎம்ஐ ஒயருக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கத் தேவையில்லை, இரண்டு மீட்டர் ஒயரில் போவது டிஜிட்டல் சிக்னல், ஒன்று போய்ச் சேரும் இல்லாவிட்டால் படம் விட்டுவிட்டு வரும், தங்க முலாம் பூசிய முனையால் நிறம் கூடுவதெல்லாம் கிடையாது. டீகோடரில் ஹெச்டிஎம்ஐ ஓட்டையே இல்லை என்றால் அது எஸ்டி பெட்டி, ஒயரை மாற்றி ஒன்றும் ஆகாது, பெட்டியையே மாற்ற வேண்டும்.

ஒயர் சரி என்றால் டிவி ரிமோட்டில் இன்ஃபோ என்ற பட்டனை அழுத்துங்கள், பல டிவிகளில் மூலையில் ஒரு எண் வரும். 1080ஐ அல்லது 1080பி என்று வந்தால் டீகோடர் ஒழுங்காகத் தருகிறது. 576ஐ, 576பி என்று வந்தால் டீகோடரின் செட்டிங்கில் போய்ப் படம், டிஸ்ப்ளே, வீடியோ அவுட்புட் என்று எந்தப் பெயரில் இருக்கிறதோ அதைத் தேடி 1080க்கு மாற்றுங்கள். புதுப் பெட்டியே சில நேரம் சின்ன அளவில் செட் ஆகி வரும், மாட்ட வருகிறவர் அதைத் தொடாமலே போய்விடுவார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டி 1080 என்று சொன்னால் பெட்டியிலிருந்து வெளியே வருவது 1080, அவ்வளவுதான். உள்ளே வரும் சேனல் எஸ்டியாக இருந்தால் பெட்டியே அதை ஊதிப் பெரிதாக்கி 1080 என்று சொல்லிவிடும். அதற்குத்தான் ண சோதனை.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பல வீட்டில் நடப்பது. ஒரே சேனலை எஸ்டிக்கு ஒரு எண், ஹெச்டிக்கு ஒரு எண் என்று இரண்டு இடத்தில் வைக்கும் வழக்கம் உண்டு. என் அம்மாவுக்குப் பழைய எண்கள்தான் விரல் நுனியில். ஹெச்டி வந்த பிறகும் அவர் விரல் பழைய எண்ணுக்கே போனது, நாங்கள் ஒரு வருஷம் கவனிக்கவில்லை. புது எண்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி ரிமோட்டுக்குப் பின்னால் ஒட்டினேன். இப்போதும் பழைய எண்ணைத்தான் அழுத்துகிறார், அது வேறு கதை.

டிவியின் செட்டிங்கில் நான்கு இடங்களை மட்டும் தொட்டால் போதும். முதலாவது படத்தின் வடிவம். பழைய எஸ்டி நிகழ்ச்சிகள் 4க்கு 3 என்ற சதுரமான வடிவத்தில் எடுத்தவை, இன்றைய டிவி 16க்கு 9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் "டிவி முழுக்கக் காட்டல, ஏமாத்துறான்" என்று தாத்தா கோபப்பட, நாம் ஜூம் போட்டு நிரப்பிவிடுகிறோம். அப்புறம் எம்ஜிஆர் குண்டாகத் தெரிவார், அல்லது தலைக்கு மேலே வெட்டிப்போகும். கறுப்புப் பட்டையை விட்டுவிடுங்கள், அதுதான் சரியான படம். ஹெச்டி சேனலிலும் ஓரம் வெட்டாமல் புள்ளிக்குப் புள்ளி காட்டும் ஒரு தேர்வு இருக்கும், ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். அதைப் போட்டால் கூர்மை உடனே தெரியும். இரண்டாவது, விவிட் என்ற மோடு. கடையில் வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்க வைத்திருப்பது அது, வீட்டில் சாயங்காலம் அதில் பார்த்தால் எல்லாருக்கும் மஞ்சள் காமாலை. மூவி அல்லது சினிமா மோடுக்கு மாற்றுங்கள், முதல் இரண்டு நாள் மங்கலாகத் தோன்றும், பிறகு பழைய மோடுக்குத் திரும்ப மாட்டீர்கள். மூன்றாவது ஷார்ப்னஸ். கூட்டினால் தெளிவு வரும் என்று நினைத்து 80, 90 என்று வைக்கிறார்கள், அது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுமே தவிர விவரத்தைக் கூட்டாது, எஸ்டியில் அந்தக் கொசுக்களையும் சேர்த்துப் பெரிதாக்கும். நன்றாகக் குறையுங்கள். நான்காவது, அசைவை வழுவழுப்பாக்கும் வசதி, சினிமாவைப் பார்த்தால் சீரியல் ஷூட்டிங் பார்ப்பது போல ஆக்கிவிடும் அந்த வசதி. பந்தாட்டத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், படத்துக்கு அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் திருப்தி இல்லை என்றால் அப்போது சேவையை மாற்றுவது பற்றிப் பேசலாம்.

காசே கட்டாமல் பார்க்க முதல் வழி ஏரியல். நம் நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு முழுக்க நின்றுவிட்டது. இப்போது வானில் வருவது 2017இல் தொடங்கிய மைஃப்ரீவியூ, டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறை. அண்மையில் வாங்கிய டிவி என்றால் உள்ளேயே அந்த வசதி இருக்க வாய்ப்பு அதிகம், டிவியின் கையேட்டில் டிவிபி-டி2 என்று இருக்கிறதா பாருங்கள், இல்லை என்றால் ஒரு சின்னப் பெட்டி வாங்கி மாட்ட வேண்டும். யுஹெச்எஃப் ஏரியல் ஒன்று, ஒரு தடவை சேனல் தேடல், முடிந்தது. மாதக் கட்டணம் கிடையாது. டிவி2இல் தமிழ்ச் செய்தி, தமிழ் நாடகங்கள் எல்லாம் இதில் வந்துவிடும். பலர் இதை ஏழை வீட்டு டிவி என்று நினைத்து ஒதுக்குகிறார்கள், அது தப்பு. சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடத்தில் இதில் வரும் ஹெச்டி படம் காசு கட்டிப் பார்ப்பதற்குக் கொஞ்சமும் சளைத்தது இல்லை. கோலாலம்பூரில் சிக்கல் என்னவென்றால் கட்டடங்கள். கீழ்த்தள வீட்டில் எதிரே முப்பது மாடிக் கொண்டோ நின்றால் உள்ளே வைக்கும் சின்ன ஏரியல் உதவாது. அக்கம்பக்கத்துக் கூரைகளில் ஏரியல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்து அதே பக்கம் திருப்புங்கள், ஜன்னலுக்குக் கிட்டே வையுங்கள், இரும்புக் கிராதிக்குக் கொஞ்சம் தள்ளி. அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் மணல் கொட்டும், ஆனாலும் பார்த்துவிடலாம். டிஜிட்டலில் அந்த இரக்கம் இல்லை, வந்தால் முழுப் படம், போனால் கட்டம் கட்டமாக உறைந்து ஒன்றுமே இல்லை.

அடுத்தது டிஷ். 1996இல் அஸ்ட்ரோ வந்ததிலிருந்து தமிழ் வீடுகளில் டிவி என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது, 2009 டிசம்பரில் பியாண்ட் என்ற பெயரில் ஹெச்டியும் வந்தது. வானவில், விண்மீன் என்று தமிழுக்கென்றே சேனல்கள் இருப்பதுதான் இதன் பலம், உள்ளூர்ப் பிள்ளைகள் நடித்த நாடகம் வேண்டும் என்றால் வேறு போக்கிடம் குறைவு. மாதக் கட்டணம் வேண்டாம் என்கிறவர்களுக்கு அதே அஸ்ட்ரோ நிறுவனத்திலிருந்து 2012இல் வந்த என்ஜாய் இருக்கிறது, பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒரு தடவை கட்டிவிட்டு வேண்டிய போது மட்டும் டாப்-அப் போடலாம். வாங்கும்போது பெட்டி ஹெச்டி பெட்டிதானா, நீங்கள் பார்க்கும் சேனல்களில் எவை ஹெச்டியில் வருகின்றன என்று இரண்டு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். எத்தனை சேனல் என்று கேட்காதீர்கள், 100 என்று சொல்வார்கள், வீட்டில் ஓடுவது ஆறோ ஏழோதான்.

டிஷ்ஷின் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்ததே, மழை. செயற்கைக்கோளிலிருந்து வருவது கே-யூ அலைவரிசை, அந்த அலையைப் பெருமழைத் துளிகள் விழுங்கிவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தால் சீரியலின் உச்சக்கட்டம் போச்சு. இதில் ஹெச்டி, எஸ்டி பேதம் இல்லை, இரண்டும் போகும். ஆனால் சின்னத் தூறலுக்கே போகிறது என்றால் அது வானத்தின் குற்றம் இல்லை, டிஷ் கொஞ்சம் திரும்பியிருக்கும், அல்லது ஒயர் முனையில் தண்ணீர் இறங்கித் துரு ஏறியிருக்கும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் என்பதால் செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கிறது, டிஷ்ஷும் மல்லாக்கப் படுத்த மாதிரி இருக்கும், அதனால் காய்ந்த இலை, புறா எச்சம் எல்லாம் அதில் சேரும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எட்டும் இடத்தில் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கூரை ஏறாதீர்கள், எட்டாவிட்டால் ஆள் கூப்பிடுங்கள். கொண்டோவில் பொது டிஷ் என்றால் நிர்வாக அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்ய முடியும்.

மூன்றாவது, பைபர் இணைய இணைப்பு வழியாக வரும் டிவி. யூனிஃபை டிவி, 2010இல் ஹிப்டிவி என்று தொடங்கி 2018இல் பெயர் மாறியது. மழைக்கு அசையாது, அதுதான் பெரிய நன்மை. வீட்டில் ஏற்கனவே பைபர் இருந்தால் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள், தமிழ்ச் சேனல் பட்டியலைப் படித்துவிட்டு. பெட்டிக்கும் மோடமுக்கும் நடுவில் வைஃபையை நம்பாமல் ஒரு நெட்வொர்க் ஒயர் இழுத்துவிட்டால் பாதிப் புகார் குறைந்துவிடும்.

பிறகு ஆப்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் கணக்கில் 720 படத்துக்கு 3 எம்பிபிஎஸ் இணைய வேகம், முழு ஹெச்டிக்கு 5, 4கேக்கு 15 வேண்டும் என்கிறது, வீட்டு பைபருக்கு இது தூசு. போன் ஹாட்ஸ்பாட்டில் பார்க்கிறவர்கள்தான் கணக்குப் போட வேண்டும். ஹெச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், தினம் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 180 ஜிபி. எஸ்டிக்கு மாற்றினால் மணிக்கு 1 ஜிபி அளவில் 60 ஜிபியில் முடியும். கை போனில் பார்ப்பதற்கு எஸ்டி தாராளம், அங்கே ஹெச்டி போட்டு டேட்டாவைக் கரைப்பது வீண் செலவு. அரசு ஒளிபரப்பான ஆர்டிஎம் நிகழ்ச்சிகளுக்கு ஆர்டிஎம்கிளிக் ஆப் இலவசமாகவே இருக்கிறது, தைப்பூச நேரத்தில் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப அது வசதி.

ஆப் பக்கம் ஒரு கண்ணி வெடி உண்டு, கவனமாகப் படியுங்கள். மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளின் மேல் 4கே, 8கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆனால் நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்கள் படத்தைத் திருடாமல் இருக்க வைட்வைன் என்ற பூட்டைப் பார்க்கின்றன. பெட்டியில் எல்1 என்ற மேல்நிலைச் சான்று இல்லாமல் எல்3 மட்டும் இருந்தால் நீங்கள் எந்த உயர்ந்த திட்டத்துக்குக் காசு கட்டினாலும் 480 வரி எஸ்டிதான் வரும். என் நண்பன் ஒருவன் இதற்காக மூன்று ஒயர் மாற்றினான், மோடம் மாற்றினான், கடைசியில் பெட்டியை மாற்றியதும் தெளிந்தது. எல்லாச் சேனலும் இலவசம் என்று விற்கும் பெட்டிகள் வேறு இருக்கின்றன, அவை பக்கம் போகவே வேண்டாம். 2022இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி அவற்றை விற்பதையே குற்றமாக்கிவிட்டார்கள், குறைந்தது 10,000 வெள்ளியிலிருந்து 200,000 வரை அபராதம். மேலும் ஆட்டம் பெனால்டிக்குப் போகும் நேரத்தில்தான் அந்தப் பெட்டியில் படம் நின்று சுற்ற ஆரம்பிக்கும்.

முடிவு எடுக்கும்போது என் வழி இதுதான். பந்தாட்டமும் புதுப்படமும் பெரிய டிவியும் இருக்கிற வீட்டுக்கு ஹெச்டி தயங்காமல். சின்ன டிவி, தூரத்து நாற்காலி, பழைய சீரியல் என்றால் ஏரியலோடு நிறுத்திக்கொண்டு மிச்சக் காசில் குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிடலாம். பந்தாட்டம் வருஷத்துக்கு நாலு மேட்ச்தான் என்றால் மாமாக் எனும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பெரிய திரை எதற்கு இருக்கிறது, ஒரு தே தாரிக் காசு. நடுவில் இருக்கிறவர்கள் கூடுதல் கட்டணத்தை மாதக் கணக்கில் பார்க்காமல் ஒப்பந்தக் காலம் முழுக்கப் பெருக்கிப் பாருங்கள். மாதம் 20 வெள்ளிதானே என்று தோன்றும், 24 மாதத்துக்கு 480 வெள்ளி. அந்தக் காசுக்கு ண எழுத்தின் சுழி உங்கள் நாற்காலிக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. கடையில் டிவி பார்க்கப் போனாலும் அவர்கள் ஓட்டும் மீன் தொட்டி, பூந்தோட்ட வீடியோவைப் பார்த்து மயங்காதீர்கள், அதற்கென்றே எடுத்தது அது. "சாதாரண சேனல் ஒன்னு போட்டுக் காட்டுங்க அண்ணே" என்று கேளுங்கள், எஸ்டியை அந்த டிவி எப்படிப் பெரிதாக்குகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய சேவையை நிறுத்துவது என்று முடிவானால் போனில் சொன்னதோடு விடாதீர்கள். நிறுத்தச் சொன்ன தேதிக்கும் ஒப்பந்தம் முடியும் தேதிக்கும் நடுவில் மாதம் மிச்சம் இருந்தால் அபராதம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள், ஒரு மாதம் பொறுத்தால் அது இல்லாமலே போகலாம். பெட்டி வாடகையா சொந்தமா என்று பார்த்து, வாடகை என்றால் அடியில் உள்ள சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து, ஒயர், ரிமோட், அடாப்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை அடுத்த இரண்டு பில் வராமல் இருக்கும் வரைக்காவது தூக்கிப் போட வேண்டாம்.